கத்திக்குச் சொந்தமா பிடி போடப் போறீங்களா? ரிவெட்டும் லைனரும் முக்கியம் பாஸ்!

பட்டறையில சொல்லி அடிச்ச கத்தி ஒண்ணு வீட்டுல இருக்கா? அதோட பிடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல நகம் நுழையுற அளவுக்கு இடுக்கு தெரிஞ்சா உஷார். கழுவுற தண்ணியும் எலுமிச்சைச் சாறும் அந்த இடுக்குல போய்த் தங்கும். பிடிக்குள்ள மறைஞ்சிருக்கும் இரும்புப் பட்டையை (இதுக்கு 'டாங்' என்று பெயர்) மெள்ள மெள்ள அரிக்கும். பூசணிக்காயில அழுத்தி வெட்டும்போது பிடி கழன்றால், வெட்டு விழுறது உங்க கையிலதான்.

சேலம், நாமக்கல் பக்கம் இந்தப் பிரச்னை கொஞ்சம் கூடவே உண்டு. இங்கே பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிச்சுக் கத்தி செய்வாங்க. லாரிக்குப் பஞ்சமில்லாத ஊராச்சே! அருமையான இரும்பு, கூர் நல்லா நிற்கும். ஆனா எவர்சில்வர் மாதிரி இல்லை, ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். மரமோ சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி மழையில் உப்பும். இரும்பு அப்படி அசையாது. இந்த இழுபறியைத் தாங்குறதுதான் லைனரோட வேலை.

லைனர்னா, டாங்குக்கும் மரத்துக்கும் நடுவுல ஒட்டுற மெல்லிய தகடு. குழாய்க்கு வாஷர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. வெளிநாட்டு வீடியோக்களில் 'வல்கனைஸ்டு ஃபைபர்', 'ஜி-10', 'மைக்கார்ட்டா'ன்னு பெரிய பெரிய பேரா சொல்வாங்க. பயப்படாதீங்க, சொந்தக்காரங்க நம்ம ஊரிலேயே இருக்காங்க. மோட்டார் காயில் கட்டுற கடையில் 'லெதராய்டு பேப்பர்' கேளுங்க. அது வல்கனைஸ்டு ஃபைபர் வகைதான். பசையை நல்லா பிடிக்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ஆனா ஓரம் வழியா தண்ணியை உறிஞ்சி ஊதிடும். அதனால சமையலறைக் கத்திக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தோட்டத்துக் கத்திக்குப் போடலாம்.

சமையலுக்கு கிளாஸ் எபாக்ஸி ஷீட்தான் பெஸ்ட். அதுதான் ஜி-10. எலெக்ட்ரிகல் இன்சுலேஷன் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சாது. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தடிமன் போதும். ஹைலம் ஷீட்டும் பரவாயில்லை, மைக்கார்ட்டாவுக்கு நெருங்கின உறவு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: கிளாஸ் எபாக்ஸியை அறுக்கும்போது பறக்கும் தூசியில் கண்ணாடி இழை இருக்கும். கர்ச்சீஃப் கட்டினா போதாது. நல்ல மாஸ்க் போட்டு, தண்ணி தொட்டுத் தேய்க்கணும்.

அடுத்து ரிவெட். 'அரால்டைட்தான் போடுறோமே, ரிவெட் எதுக்கு?'ன்னு கேட்கலாம். கத்தி கீழே விழுந்து அதிரும்போது பசை மட்டும்னா ஒரு ஓரத்தில் உரிய ஆரம்பிக்கும். குறைஞ்சது 2 கம்பியாவது வேணும். ஆணியை வெட்டிச் சொருகுறது பழைய வழக்கம், துருப்பிடிச்சு மரத்தையும் கறையாக்கிடும். லாரி பாடி கட்டுற இடத்தில் கிடைக்கும் பாப் ரிவெட்டும் வேண்டாம். அது நடுவில் குழாய் மாதிரி, தண்ணிக்கு நேர் வழி.

5 அல்லது 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியோ, ஸ்டெயின்லெஸ் கம்பியோ எடுங்க. பித்தளையும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் இரும்புதான் சீக்கிரம் அரிக்கும். அதனால டாங்கில் துளையைக் கம்பியைவிடச் சின்னதா ஒரு நூல் பெரிசா போட்டு, சுற்றிலும் பசை நிரம்பவிடணும். துளையை இரும்பைத் துவைச்சல் கொடுக்கிறதுக்கு முன்னாடியே போட்டுக்கச் சொல்லுங்க. அப்புறம் டிரில் பிட்தான் தேயும். கனமா வெட்டுற கத்திக்கு 'கார்பி போல்ட்' நல்லது. ரெண்டு பக்கமிருந்தும் திருகி, மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். தலையை அப்புறம் ராவிச் சமமாக்கிடலாம்.

மான் கொம்புப் பிடி ஆசை இருக்கா? 19-ம் நூற்றாண்டுல சேலம் அருணாசலம் பேர் பொறிச்ச வேட்டைக் கத்திகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இன்னிக்கும் உண்டு. அதைப் பார்த்துட்டு ஆன்லைனில் கொம்பு தேடாதீங்க. 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பு வியாபாரம் குற்றம். தானா உதிர்ந்த கொம்புன்னு சொன்னாலும் தப்பிக்க முடியாது. புளிய மரமோ, வேம்போ, நல்லா காய்ஞ்சதா பார்த்து எடுங்க. பச்சை மரத்தில் எந்த லைனர் போட்டும் பிரயோஜனமில்லை.

ஒட்டுறதுக்கு முன்னாடி டாங்கை முரட்டு உப்புத்தாளால் தேய்ச்சு, அசிட்டோனால் துடைச்சிடுங்க. அப்புறம் விரலால் தொடக் கூடாது, கையெண்ணெய் பட்டாலே பசை பிடிக்காது. அஞ்சு நிமிஷப் பசையைத் தவிர்த்துட்டு, மெதுவா காயும் வகையை வாங்குங்க. கிளாம்ப்பை ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிஞ்சிடும். மெலிசா ஓரத்தில் எட்டிப் பார்த்தா போதும், ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க. கிரைண்டரில் தேய்க்கும்போது ரிவெட் தொட்டால் சுடுதா? உடனே நிறுத்துங்க. அந்தச் சூடு பசையை இளக்கிடும். தண்ணியில் முக்கி, ஆறின பிறகு தொடருங்க.