எல்லை மாறினும் எண் மாறாது
1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டமும் அதிலுள்ள செங்கல், பாறசாலை ஊர்களும் கேரளத்தில் நிலைபெற்றன. புதிய எல்லையின் இருபுறமும் உறவும் கொடுக்கல் வாங்கலும் தொடர்ந்தன. ஒருவரின் நாணயம் அன்று ஊராரின் நினைவிலும் கடன் கொடுத்தவரின் கணக்கேட்டிலும் மட்டுமே பதிந்திருந்தது. ஊர் மாறியவரை அது எளிதில் பின்தொடரவில்லை.

2000-இல் சிபில் நிறுவப்பட்டதோடு அந்நிலை மாறத் தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் நிறைவேறியது. இன்று, கெட்டுப்போன கடன் வரலாற்றை மறைக்க இரண்டாவது பான் எண் பெறலாம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. ஆனால் பெயர், பிறந்த நாள், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டே பதிவுகள் இணைக்கப்படுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட பான் எண் வைத்திருப்பதற்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 272பி பிரிவு 10,000 ரூபாய் தண்டம் வகுத்தது. பொய் அடையாளம் காட்டி வங்கியில் கடன் பெறுவதோ மோசடிக் குற்றமாகும்.

பழைய கடன் அப்படியே நிற்க, அதன்மேல் ஒரு குற்றமும் சேர்வதே இவ்வழியின் பயன். தவறான பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டமே அளிக்கிறது. உண்மையான கடனுக்கோ, அதைத் தீர்ப்பதொன்றே வழி.