தானே ஆறும் புண்: பிறப்புறுப்பு ஹெர்பீஸுக்கான மாற்று மருந்துகளும் சான்றின் அளவும்

ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் பாலோ. ஒரு காலத்தில் ரப்பர்க் காடு. இன்று எங்கு திரும்பினாலும் செம்பனை. இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் கொப்புளம் கண்டால் போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் உறவாகவோ, பக்கத்து வீடாகவோ, ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர்களாகவோ இருப்பார்கள். ஒரு ரிங்கிட் பெரிதல்ல, அந்த வரிசை பெரிது. அதனால்தான் வேலியோரத்துச் செடியும், சீன மருந்துக்கடைத் தைலமும், கைப்பேசியில் வந்து விழும் 'இரத்தச் சுத்தி' விளம்பரமும் மருத்துவருக்கு முன்னால் வந்து நின்றுவிடுகின்றன.

இம்மருந்துகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'கேட்கும்', 'கேட்காது' என்ற இரண்டு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எதற்குக் கேட்கிறது என்பதைப் பிரித்துக் கேட்காத வரை இந்த விவாதம் நகராது என்பதே இக்கட்டுரையின் வாதம். வந்த புண் சீக்கிரம் ஆறுகிறதா? மறுபடி வருவது குறைகிறதா? கணவனிடமிருந்து மனைவிக்கோ, மனைவியிடமிருந்து கணவனுக்கோ தொற்றுவது தடைபடுகிறதா? மூலிகைகளின் பெயரால் சொல்லப்படும் சான்று ஏறக்குறைய முழுவதும் முதல் கேள்விக்கானது, அதுவும் மெலிந்தது. மற்ற இரண்டுக்கும் விடை இருப்பது போன்ற தோற்றத்தை அந்த முதல் விடையே உண்டாக்கிவிடுகிறது.

நோயின் போக்கிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை: பெரும்பாலும் வாயைப் பற்றும் முதல் வகை, பெரும்பாலும் பிறப்புறுப்பைப் பற்றும் இரண்டாம் வகை. முதல் வகையும் பிறப்புறுப்புக்கு வருவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 84 கோடியே 60 இலட்சம் பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல், பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்று உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. தோலில் நுழைந்த வைரஸ் நரம்பின் வழியே ஏறி, முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கி, ஆயுள் முழுவதும் அங்கேயே தங்குகிறது. தோலில் பூசும் எந்தக் களிம்பும், அது ஆலையில் செய்ததானாலும் அம்மியில் அரைத்ததானாலும், அங்கே எட்டாது.

திரும்ப வரும் புண் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். சியாட்டிலில் 457 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1994இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகைத் தொற்று கண்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு முதல் ஆண்டிலேயே குறைந்தது ஒரு முறை புண் திரும்பியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெல்லக் குறைவதும் தெரிந்த செய்தி. முதல் வகை பிறப்புறுப்பில் வந்தால் திரும்புவது அரிது; பலருக்கு இரண்டாம் முறை வருவதே இல்லை. எந்த வகை என்று சோதித்துப் பார்க்காமல், முதல் புண்ணின்போது ஏதோ ஒரு கஷாயத்தைக் குடித்து, பிறகு ஐந்து ஆண்டு புண்ணே வராதவர் என்ன சொல்வார்? கஷாயம் வேரோடு அறுத்துவிட்டது என்றுதான். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் கஷாயத்தைக் குடிக்காமலே அதே ஐந்து ஆண்டைக் கடந்தவர்களை அவர் பார்த்ததில்லை. அவர்களுக்குச் சொல்வதற்குக் கதையும் இல்லை.

தமிழர்க்கு இது புதிய அனுபவமுமல்ல. அக்கி கண்டால் குயவரிடம் போய், காவியைக் குழைத்து உடம்பில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அக்கியும் இதே குடும்பத்து வைரஸால் வருவது. சில வாரங்களில் தானே வற்றுவது. எழுதியபின் ஆறியது என்பது உண்மை. எழுதியதால் ஆறியது என்பது வேறு கூற்று.

இந்த மயக்கம் நாட்டு மருத்துவத்துக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் ஆங்கில மருத்துவத்தின் பழைய ஏடுகளைப் புரட்டலாம். திரும்பத் திரும்ப வரும் ஹெர்பீஸுக்குப் பெரியம்மைத் தடுப்பூசியைப் போட்டுவந்த காலம் ஒன்று உண்டு. தடுப்பூசிச் சிகிச்சையைப் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். 1970களில் புண்ணில் சாயம் பூசி ஒளி பாய்ச்சினார்கள். 1975இல் அது பயனற்றது என்று தெரிந்தது. ஈதரைத் தடவினார்கள், 1978இல் அதுவும் அப்படியே போயிற்று. பட்டம் பெற்ற மருத்துவர்கள், நல்ல மருத்துவமனைகள், கண்ணால் கண்ட முன்னேற்றம் என எல்லாம் இருந்தும் ஏமாந்தார்கள். ஏமாற்றத்திலிருந்து அவர்களை மீட்டது போலி மருந்துக் குழு ஒன்றுதான். மூலிகைக்கும் அதே தராசைக் கேட்பது மரபை அவமதிப்பதாகாது.

அந்தத் தராசில் ஏறியவை சில உண்டு. எக்கினேசியா என்ற மூலிகையை எல்லா நோய்க்கும் நீட்டும் வழக்கம் மேற்கில் இருக்கிறது. 2001இல் 50 நோயாளிகளுக்கு ஆறு மாதம் அதையும் ஆறு மாதம் போலி மாத்திரையையும் கொடுத்துப் பார்த்ததில் வேறுபாடு தெரியவில்லை. லைசின் மாத்திரை ஆய்வுகள் பெரும்பாலும் உதட்டுப் புண்ணைப் பற்றியவை. அவற்றைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு அது புண் வராமல் தடுப்பதற்குச் சான்று காணவில்லை.

கற்றாழையின் கதை கொஞ்சம் வேறு. முதன்முறை புண் கண்ட 60 ஆண்களிடம் 0.5 விழுக்காடு கற்றாழைச் சாறு சேர்த்த களிம்பைச் சோதித்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், களிம்பு பூசியவர்களில் 66.7 விழுக்காட்டினருக்கும் வெறுங்களிம்பு பூசியவர்களில் 6.7 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியதாகக் கணக்கு. முப்பதில் இருபது பேர், முப்பதில் இரண்டு பேர். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரே ஆய்வாளர் குழு மட்டும் காட்டும்போது வியப்பதைவிட, வேறொருவர் திரும்பச் செய்து காட்டட்டும் என்று காத்திருப்பதே முறை. 1999இல் கற்றாழை ஆய்வுகளை மதிப்பிட்ட கட்டுரையும் பயன் இருக்கலாம் என்பதற்கு மேல் போகவில்லை.

தேனீப் பிசினை ஆராய்ந்த 2000ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு வகையில் கற்பிக்கிறது. 90 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பிசின் களிம்பு, ஒன்றுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் களிம்பு, ஒன்றுக்கு வெறுங்களிம்பு. பத்தாம் நாளில் ஆறியவர்கள் முறையே முப்பதில் 24, 14, 12 பேர். 'இங்கிலீஷ் மருந்தையே தோற்கடித்த தேனீ மருந்து' என்று இதை வாசிப்பவர்கள் கடைசி இரண்டு எண்களைக் கவனிப்பதில்லை. பூசும் அசைக்ளோவிருக்கும் வெறுங்களிம்புக்கும் உள்ள தூரம் இரண்டே பேர். பூசும் அசைக்ளோவிர் வலுவற்றது என்பது மருத்துவ வழிகாட்டிகளே ஒப்புக்கொண்ட செய்தி. நியூசிலாந்து மருந்தகங்களின் வழியே 952 பேரிடம் உதட்டுப் புண்ணுக்குக் கானுக்காத் தேனை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்விலும் எதிரில் நின்றது பூசும் அசைக்ளோவிர்தான். இரண்டும் சமம் என்று முடிந்தது. நோஞ்சானோடு சமமாக நின்றதை வெற்றி என்று எழுத முடியாது.

வலுவான எதிராளி வாய்வழி மாத்திரை. அசைக்ளோவிரையோ அதன் வகை மருந்தையோ நாள்தோறும் உட்கொண்டால் புண் திரும்புவது 70 முதல் 80 விழுக்காடு குறைகிறது. 2004இல் வெளியான, 1,484 தம்பதியரைக் கொண்ட ஆய்வில், தொற்றுள்ளவர் தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் உட்கொண்டபோது துணைவருக்குத் தொற்றுவது 48 விழுக்காடு குறைந்தது. பாதிதான், முழுமையில்லை. ஆயினும் மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு எண்ணோடு விடை சொல்லும் மருந்து இது ஒன்றே. புண் தெரியாத நாள்களிலும் தோலில் வைரஸ் கசிகிறது, தொற்றில் பெரும்பகுதி அப்போதே நிகழ்கிறது என்பதால், புண்ணை மட்டும் ஆற்றும் எந்த இலையும் துணைவருக்குக் காப்பாகாது.

இனி வேலியோரத்துக்கு வருவோம். மலாயில் பெலாலாய் காஜா எனப்படும் கிளினாகாந்தஸ் நியூட்டன்ஸ், ஆடாதோடையும் நிலவேம்பும் சேர்ந்த அகாந்தேசியே குடும்பத்துச் செடி. ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். நீண்டு கூரிய இலை. தண்டு நீண்டதும் ஒன்றன்மேல் ஒன்று சாயும். தாய்லாந்தில் இதன் பெயர் பாயா யோ. அங்கே இலையைச் சாராயத்தில் இடித்துப் பூச்சிக்கடிக்கும் அக்கிக்கும் பூசுவது பழைய வழக்கம். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஆய்வாளர்கள் இதைக் களிம்பாக்கிப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள்: மூன்று நாளில் பொருக்குக் கட்டியது, ஏழு நாளில் ஆறியது, எரிச்சல் இல்லை என்பது அச்சோதனைகளின் சாரம். 2003இல் இலையிலிருந்து பிரித்த கொழுப்புச் சேர்மங்கள் ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தடுத்தன. இன்று அக்களிம்பு தாய்லாந்தின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இச்சோதனைகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு மதிப்பாய்வு நம்பிக்கை தரும் அறிகுறி உண்டு என்றது. கூடவே, சோதனைகள் சிறியவை, முறையில் குறையுள்ளவை, பெரியவை வேண்டும் என்றும் சொன்னது.

ஹெர்பீஸுக்கு மனிதரிடம் சோதிக்கப்பட்ட மூலிகை நம் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் மலேசியாவில் அதற்குக் கிடைத்த புகழ் புற்றுநோயால். பச்சை ஆப்பிளோடு அரைத்து வடிகட்டிக் குடிக்கும் சாறு ஊரெங்கும் பரவியது. தொட்டிச் செடி விலைக்கு வந்தது. ஆய்வு ஆர்வமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. மனிதரில் ஓரளவாவது சோதிக்கப்பட்ட பயன் பின்தங்கி, பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் நின்றுவிட்ட பயன் முந்திக்கொண்டது. புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம், இதைப் பற்றிப் பேச முடியாது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்றே கருதுகிறேன்.

சட்டமும் பேச்சை அடைக்கிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தன் அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய், காசநோய் ஆகியவற்றோடு பால்வினை நோயையும் வைத்து, அவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தடை சரியானதே. ஆனால் உரிமைகோரலை வெளியே சொல்ல முடியாதபோது அதை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயமும் மருந்து செய்பவருக்கு இல்லாமல் போகிறது. 'உடல்நலத்துக்கு' என்று பெட்டியில் அச்சிட்டால் பதிவு எண் கிடைக்கும். 'அந்த நோய்க்கு' என்று காதில் சொன்னால் விற்பனை நடக்கும். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் உட்பட இந்திய மருத்துவ முறைகளைச் செய்பவர்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அது ஆளைப் பதிவு செய்யும். இந்தக் காதோடு சொல்லும் கூற்றைச் சோதிக்காது.

சித்த மருத்துவத்தை இங்கே தனியே சொல்ல வேண்டும். மேகநோய் என்ற தலைப்பின் கீழ் அது பல பால்வினைப் புண்களைச் சேர்த்துப் பேசுகிறது. அவற்றுக்கான மருந்துகளில் இரசம், அதாவது பாதரசம், சேர்ந்தவை உண்டு. மலேசியாவில் பதிவு பெறும் பாரம்பரிய மருந்தில் பாதரசம் பத்து இலட்சத்தில் 0.5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எனவே கைமாறி வரும் இரசச் சூரணமோ மெழுகோ இந்த வரம்புக்கு வெளியே, சோதனைக்கும் வெளியே நிற்கிறது. தானே ஆறும் புண்ணுக்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க நியாயமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று, மருந்தில் இல்லை, நோய்க்கணிப்பில் இருக்கிறது. கிரந்திப் புண்ணும், அதாவது சிபிலிஸின் முதல் புண்ணும், மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறும், பெரும்பாலும் வலிக்காது. இலையை அரைத்துப் பூசியவருக்கு இலைதான் ஆற்றியதாகத் தெரியும். நோயோ உள்ளே இறங்கியிருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையும் பென்சிலினும் தீர்த்திருக்கக் கூடியது அது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறை ஹெர்பீஸ் கண்ட பெண்ணின் குழந்தைக்குப் பிறப்பின்போது தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை இருக்கலாம். இந்த இரண்டு நிலையிலும் மூலிகைக்குக் காத்திருக்க இடமே கிடையாது.

மற்றவர்களுக்குக் காத்திருக்க இடம் உண்டு, சோதிக்கவும் இடம் உண்டு. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடக்கத்திலேயே பெற்ற அரசு மருத்துவமனைகளில் ஒன்று. குளுவாங் போன்ற மாவட்டங்களின் கிளினிக்குகளை அதோடு இணைத்தால் பெலாலாய் காஜா களிம்பைச் சோதிப்பது எட்டாத காரியமன்று. பி.சி.ஆர். சோதனையால் வைரஸின் வகை உறுதியானவர்கள், அனைவருக்கும் வாய்வழி அசைக்ளோவிர், அதற்கு மேல் பாதிப் பேருக்கு மூலிகைக் களிம்பு, பாதிப் பேருக்கு அதே நிறமும் மணமும் கொண்ட வெறுங்களிம்பு. புண் கிளம்பும் முன் வரும் குறுகுறுப்பிலேயே பூசத் தொடங்க வேண்டும் என்பதால் மாத்திரையையும் களிம்பையும் முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். சோதனைப் பஞ்சையும் அவர்களே வீட்டில் எடுத்து, பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டி அனுப்பினால் போதும். பாலோவில் இருப்பவர் அதற்காக அந்த வரிசையில் உட்கார வேண்டியதில்லை.