சமதளத்தின் கதை

சென்ற ஆனி மாதத்தில் என் பேத்தி கல்லூரியில் சேர்ந்தாள். அவளுக்கென்று ஒரு மடிக்கணினி வாங்கினோம். வெள்ளி போன்ற அலுமினிய உடல். இரு விரல் பருமன்கூட இல்லை. பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்து, வலப்பக்கத்து முன்மூலையில் அவள் கையை ஊன்றியபோது 'டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. கையை எடுத்ததும் மீண்டும் அதே ஓசை. நான்கு மூலைகளுள் ஒன்று மேசையைத் தொடவில்லை. கீலின் அருகே மெல்லிய கீறல் ஒன்றும் தெரிந்தது. உடனே கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் மரியாதை தெரிந்தவர்தாம். "கணினி நன்றாக வேலை செய்கிறதே, ஐயா! இதுதான் கோணல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டு மேசை கோணலாக இருக்கலாம் அல்லவா?" என்றார்.

எனக்குச் சினம் வந்தது, அதை மறைப்பானேன்? ஆயினும் வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் பிறரை வினாக் கேட்டே பழகியவன், தன்னை நோக்கி வந்த நல்ல வினாவைத் தள்ளிவிடலாமா? என் மேசை சமமானது என்பது எனக்கு எவ்வாறு தெரியும்? தச்சர் இழைப்புளியால் பலகையை இழைத்தபின், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பை நோக்குவார். பிறகு அடிகோலை அதன்மேல் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். நன்று, அந்த அடிகோல் நேரானது என்பதை எதைக்கொண்டு அறிவது? இன்னொரு கோலைக்கொண்டு எனின், அந்தக் கோலை எதைக்கொண்டு சோதிப்பது? இவ்வாறு கேட்டுக்கொண்டே போனால் முடிவு எங்கே?

மாணவ நண்பர்களே, இந்த வினாவுக்கு விடை கண்டவர்கள் இங்கிலாந்து நாட்டு இயந்திரத் தொழிலாளர். இலண்டன் மாநகரில் ஹென்றி மாட்ஸ்லி என்பவரின் பட்டறை ஒன்று இருந்தது. 1771இல் பிறந்து 1831இல் மறைந்த அவர், தம் தொழிலாளரின் வேலைப் பலகைகளில் சமதளத் தகடுகளை வைத்திருந்தார். செய்யும் பொருளை அத்தகட்டின்மேல் வைத்து ஒப்பு நோக்கியே வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்பட்டறையில் தொழில் பயின்றவர்களுள் ஒருவர் ஜோசப் விட்வொர்த். 1840ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில், உண்மையான சமதளத்தை உண்டாக்கும் முறையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அம்முறையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது.

இரண்டு இரும்புத் தகடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின்மேல் மெல்லிய சாயம் பூசி, மற்றதை அதன்மேல் வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அம்மேடுகளை உளி போன்ற ஒரு கருவியால் சுரண்ட வேண்டும். மீண்டும் தேய்த்து, மீண்டும் சுரண்டினால், இறுதியில் இரண்டும் எங்கும் பொருந்திவிடும். பொருந்தியதனால் இரண்டும் சமதளமாயினவா? இல்லை. ஒன்று ஆமை முதுகுபோல் குவிந்தும், மற்றது கிண்ணம்போல் குழிந்தும் இருந்தாலும் அவை பொருந்தத்தான் செய்யும்! இரண்டு பொய்ச் சாட்சிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே கதையைச் சொல்வது போன்றது இது. ஆகவே மூன்றாவது தகடு ஒன்று வேண்டும். குவிந்த முதல் தகட்டோடு மூன்றாவதும் பொருந்துமானால், அதுவும் இரண்டாவதைப் போலக் குழிந்ததாகவே இருக்கும். இப்பொழுது இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். குழியும் குழியும் பொருந்துமா? விளிம்புகள் மட்டுமே தொடும். நடுவில் சாயம் படாது. பொய் வெளிப்பட்டுவிட்டது. எந்த இரண்டை எடுத்து எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும் நிலை வரும்வரை மூன்றையும் மாற்றி மாற்றிச் சுரண்டினால், மூன்றும் சமதளமாவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பே சமமான ஒரு பொருள் உலகில் எங்கும் இல்லாதபோதே சமத்தைப் படைத்துவிடலாம் என்பதைக் காட்டுவது இம்முறை. வடிவகணிதம் கற்பிக்கும்போது இக்கதையைச் சொல்லியிருக்கலாமே என்று, ஓய்வு பெற்ற பிறகு நான் வருந்தியது உண்டு.

ஆனால் முழுச் சமம் என்பது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாத ஒன்று. ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்பவர், "எவ்வளவு பிழையை ஒப்புக்கொள்ளலாம்?" என்றுதான் கேட்டாக வேண்டும். இவ்வினா துப்பாக்கித் தொழிலில் வளர்ந்தது. 1785இல் பாரிசில் ஒனொரே பிளாங் என்பவர் துப்பாக்கி விசையின் உறுப்புகளைப் பெட்டிகளில் குவித்து வைத்திருந்தார். அப்பொழுது அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சன், கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்தார், அவை பொருந்தின. எந்த உறுப்பும் எந்த விசைக்கும் பொருந்த வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஓர் அளவுக்கு மிகாமலும் ஓர் அளவுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இந்த இடைவெளியைப் பொறியாளர் 'டாலரன்ஸ்' என்பர். தமிழில் 'பொறுதி' எனலாம். பொறுத்துக்கொள்ளும் அளவு என்பது பொருள். 1896இல் சுவீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், இவ்வளவுகளைச் சோதிக்க எஃகுக் கட்டைகளாலான ஒரு தொகுதியைக் கருதினார். அக்கட்டைகளின் முகங்கள் மிகச் சமமானவை. ஆதலால் ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தித் திருகினால் பசையின்றியே ஒட்டிக்கொள்ளும்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். கையில் தூக்கிச் செல்லும் கணினியாக வணிகத்தில் முதலில் வெற்றி கண்டது, 1981இல் வந்த ஆஸ்பர்ன் 1 என்பதாகும். அதைச் செய்வித்த ஆடம் ஆஸ்பர்ன் நமக்குத் தொலைவானவர் அல்லர். இரமண மகரிஷியின் அடியவரான ஆர்தர் ஆஸ்பர்னின் மகன் அவர். இளமையில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். 2003இல் கொடைக்கானலில் காலமானவர். அவருடைய கணினி பதினொரு கிலோகிராம் எடையுள்ள பிளாஸ்டிக் பெட்டி. தையல் இயந்திரத்தைப் போல் தூக்க வேண்டும். அதன் மூலை மேசையில் படிகிறதா என்று எவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த கிரிட் காம்பஸ், சிப்பிபோல மடியும் உருவத்தைத் தந்தது. அதன் உடல் மக்னீசியக் கலவை. விலையோ எண்ணாயிரம் டாலருக்கு மேல். விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. அக்காலத்தில் உலோக உடல் வலிமைக்காகவே வந்தது என்பதைக் கருதுக.

உலோகம் அழகுக்காகவும் மெலிவுக்காகவும் வந்தபோதுதான் தொல்லை தொடங்கிற்று. 2001இல் ஆப்பிள் நிறுவனம் ஓர் அங்குலப் பருமனில் டைட்டானியத் தகடு போர்த்திய மடிக்கணினியை வெளியிட்டது. கண்டவர் வியந்தனர், ஆனால் நாள் செல்லச் செல்ல அதன் சட்டத்தில் பூசிய வண்ணம் உரிவதும் கீல் முறிவதும் பயன்படுத்துவோரின் முறையீடுகளாயின. 2003இல் அலுமினியம் அதன் இடத்தைப் பிடித்தது. 2008 அக்டோபரில் அந்நிறுவனம் வேறொரு முறையை அறிவித்தது. தகடுகளை வளைத்துச் சேர்ப்பதற்குப் பதிலாக, அலுமினியக் கட்டி ஒன்றைக் கணினி இயக்கும் பொறியால் குடைந்து, உடலை ஒரே துண்டாக எடுத்தனர். கட்டியின் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும். அச்சீவலை மீண்டும் உருக்கிக்கொள்வர்.

ஒரே துண்டில் குடைந்த உடல் வளையலாமா? வளையும், காரணங்கள் பல. முதலாவது மெலிவு. ஒரு தகட்டின் பருமனைப் பாதியாக்கினால், வளைவதை எதிர்க்கும் அதன் விறைப்பு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அன்றியும் அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பெட்டி கட்டும் இடத்திலோ வண்டியிலோ ஒரு மூலையில் மிகையான அழுத்தம் பட்டால் போதும். மீள முடியாத அளவுக்கு உலோகம் வளைந்தபின் தானாக நிமிராது. இரண்டாவது காரணம் உலோகத்தின் உள்ளேயே இருப்பது. பச்சை மரத்தை அறுத்துக் காயவிட்டால் பலகை முறுக்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அலுமினியப் பாளமும் அவ்வாறே. உருட்டும்போதும் சூடாக்கிக் குளிர்விக்கும்போதும் அதன் உள்ளே விசைகள் தங்கிவிடுகின்றன. ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தாங்க, பாளம் அமைதியாகக் கிடக்கும். அதில் ஒரு பகுதியைக் குடைந்து எடுத்தவுடன் அச்சமநிலை கெட்டு, மிஞ்சியது வளைகிறது. இதைத் தடுக்க, குடைவதற்கு முன் பாளத்தைச் சிறிதளவு இழுத்து நீட்டி உள்விசைகளைத் தணிக்கிறார்கள். தணியும், முற்றும் அழியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல மாதங்கள் பயன்படுத்திய கணினியின் அடிப்பகுதி ஒருநாள் உப்பி, மேசைமேல் ஆடத் தொடங்கினால், அது உலோகத்தின் பிழையன்று. உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் வாயுவால் வீங்கியிருக்கக்கூடும். அதை அழுத்திப் பார்க்கக் கூடாது. மின்னூட்டுவதை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கீறலின் கதை வேறு. அலுமினிய உடலின் நிறம் பெரும்பாலும் வண்ணப்பூச்சு அன்று. அமிலக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, உலோகத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடுப் படலமாக மாற்றுவது அது. 1923இல் இங்கிலாந்தில் கடல் விமானங்களின் உறுப்புகள் உப்புநீரில் அரிக்கப்படாமல் காக்க இம்முறையைக் கையாண்டார்கள். படலம் ஒளி புகுவது. அதன் நுண்துளைகளில் சாயத்தை ஏற்றலாம். வண்ணப்பூச்சானது அடியிலுள்ள சிறு பழுதுகளை மூடி மறைக்கும். இப்படலமோ கண்ணாடிபோல் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். படலம் கெட்டியானது, உள்ளிருக்கும் உலோகம் மென்மையானது. ஆகவே கூரிய விளிம்பில் சிறு இடி பட்டாலும் படலம் பெயர்ந்து வெண்மை தெரியும். 2012இல் கறுப்பு நிறத்தில் வந்த ஐபோன் 5இல், பெட்டியைத் திறந்தபோதே இத்தகைய வெண்கீறல்கள் இருந்தன என்று வாங்கியவர் பலர் முறையிட்டனர். அலுமினியப் பொருளுக்கு இது இயல்பே என்ற பொருள்பட நிறுவனத்தார் விடையளித்தனர். பயன்படுத்தியபின் விழும் கீறலுக்கு அவ்விடை பொருந்தலாம். பயன்படுத்துமுன் இருந்த கீறலுக்கு அது எப்படி விடையாகும்?

மடிக்கணினிக்கு நெருங்கிய உறவான பலகைக் கணினியில் 2018இல் இவ்வழக்கு உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டு வந்த ஐபேட் புரோ சில, புதிதாகவே சற்று வளைந்திருந்தன. இது குறைபாடு அன்று என்றது நிறுவனம். பிறகு 2019இன் தொடக்கத்தில், ஒரு பக்கத்தின் நீளம் முழுதும் 400 மைக்ரானுக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது என்பதே தன் பொறுதி என்றும், அது நான்கு தாள்களின் பருமனைவிடக் குறைவு என்றும் வெளியிட்டது. நேரான விளிம்புகள் சிறு வளைவையும் கண்ணுக்குக் காட்டிவிடுகின்றன என்று காரணமும் கூறியது. அஃது உண்மையே, உருண்டை விளிம்பில் மறையும் வளைவு நேர் விளிம்பில் மறையாது. எண்ணை வெளியிட்டதை நான் பாராட்டுகிறேன். ஆனால் பொருளை விற்கும்போதே சொல்லாமல், முறையீடு எழுந்தபின் சொன்ன எண் அது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ வணிகர் கூற்றின்படியோ ஒரு பொருளுக்கு இருக்க வேண்டிய தரத்தில் நேரும் பிழையைக் 'குறை' என்கிறது. எடையும் திரையின் அளவும் நினைவகத்தின் அளவும் பெட்டிமேல் அச்சாகியிருக்கின்றன. சமதளத்தின் அளவு அச்சாகவில்லையே! பிறகு எதைக் காட்டி வழக்காடுவது?

என் பேத்திக்கு விட்வொர்த்தின் கதையைச் சொன்னேன். அவள் கணினியை மேசைமேல் முன்பின்னாகத் திருப்பி வைத்தாள். முன்பு வலப்பக்கம் தூக்கிய மூலையே இப்பொழுது எதிர்ப்பக்கம் சென்றும் தூக்கியது. ஆகவே மேசைமேல் இருந்த ஐயம் குறைந்தது. அதன் பிறகும் அவள் விடவில்லை. சமையலறையின் கருங்கல் மேடையிலும், நிலைக்கண்ணாடியைக் கழற்றிப் படுக்கவைத்து அதன்மேலும் வைத்துப் பார்த்தாள். அடியிலுள்ள இரப்பர்க் கால்கள் நான்கும் ஒரே உயரமா என்று அளந்தாள், ஒரே உயரந்தான். பிறகு தன் குறிப்பேட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, தூக்கிய மூலையின் அடியில் ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒன்பதாவது தாள் இறுகிற்று. நான்கு தாள் என்பது வேறொரு பொருளுக்குச் சொன்ன அளவு. இக்கணினிக்கு விதித்தது அன்று. அதையும் அவளே எடுத்துக் கூறி, மூன்று பரப்புகளில் எடுத்த படங்களையும் தாள்களின் எண்ணிக்கையையும் ஒரு கடிதமாக எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் இருமுறை படித்தார். மேசையைப் பற்றி இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் வேறொரு கணினி வந்தது. விசையைத் தொடுமுன் அதைக் கருங்கல் மேடைக்குக் கொண்டுபோனாள். நான்கு மூலைகளும் படிந்தன. விளக்கடியில் திருப்பிப் பார்த்தபோது, மூடியின் ஓரத்தில் கடுகளவுக்கும் சிறியதாக ஒரு வெண்புள்ளி இருந்தது. "இது இருக்கட்டும், தாத்தா" என்றாள்.