நேஷனாலிட்டி இருக்கா?

புதுச்சேரியில் ஒருவருக்கு "நேஷனாலிட்டி இருக்கு" என்று சொன்னால், எந்த நாட்டுக் குடியுரிமை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. உலகத்தில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு நாட்டின் குடியுரிமை இருக்கத்தான் செய்கிறது. இந்த ஊர்ப் பேச்சில் மட்டும் அந்தச் சொல்லுக்குப் பிரான்சைத் தவிர வேறு பொருள் கிடையாது. மற்ற ஊர்களில் வெளிநாட்டில் குடியேற நினைப்பவர் விசாவில் தொடங்கி, வேலை அனுமதி, நிரந்தர வசிப்புரிமை என்று ஏறிக் கடைசியில்தான் குடியுரிமையைத் தொடுவார். இங்கே ஒரு சாராருக்கு அந்தக் கடைசிப் படி பிறப்போடு வந்துவிடுகிறது. அதே தெருவில், சில சமயம் அதே குடும்பத்தில், இன்னொருவர் முதல் படியிலேயே வரிசையில் நிற்கிறார். இந்த வேறுபாட்டுக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. பிரான்சுக்காகப் போரிட்ட குடும்பங்களின் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்பது ஒன்று. பென்ஷனுக்கு ஆசைப்பட்டு அந்தப் பக்கம் சாய்ந்தவர்களின் சாமர்த்தியம் என்பது மற்றொன்று. இரண்டும் மனிதர்களின் மனத்தைப் பார்க்கின்றன. சட்டமோ மனத்தைப் பார்க்கவே இல்லை. ஒருவர் எங்கே பிறந்தார், ஒரு குறிப்பிட்ட நாளில் எங்கே குடியிருந்தார், ஆறு மாதத்துக்குள் ஒரு தாளில் கையெழுத்திட்டாரா என்ற மூன்றை மட்டுமே பார்த்தது. மூன்றாவதைச் செய்யக்கூடியவர் யார் என்பது அதற்கு முந்தைய எண்பது வருட வரலாற்றில் பெருமளவு தீர்மானமாகியிருந்தது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எதிர்காலத்தை முடிவு செய்ய 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் கைமாறியது நிர்வாகம் மட்டுமே. இறையாண்மையை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்தாகி, பாரிஸ் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக ஆறு வருடம் காத்துக் கிடந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் அது முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் அங்கே பலருக்கு இருந்தது. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் புதுச்சேரி ஒப்பந்தமும் ஒப்புதல் பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட எட்டு வருடங்களில் இந்திய மூவண்ணக் கொடிக்குக் கீழே பிறந்த குழந்தையும் சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சு மண்ணில் பிறந்த குழந்தைதான்.

ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் அதிகம் போனால் இரண்டு பக்கம். பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் பிறந்து, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் எல்லாரும் தாமாகவே இந்தியக் குடிமக்களாவார்கள் என்கிறது நான்காம் பிரிவு. வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுவுக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம் என்கிறது ஐந்தாம் பிரிவு. எழுதிக் கொடுத்தவர் ஒருநாளும் இந்தியக் குடிமகனாக இருந்ததே இல்லை என்று கருதப்படுவார். பதினெட்டு வயதுக்குக் கீழான, மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் கையெழுத்தே போதும். மனைவிக்கு அது போதாது; கணவனின் தேர்வு மனைவியைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. தாளில் படிக்கும்போது இது பெண்ணுக்கு மரியாதை தரும் வாசகம். நடைமுறையில், கணவன் கையெழுத்திட்டுவிட்டு வந்தால் வீட்டுக்கே சேர்த்துத்தான் என்று நம்பிய பெண் தனியாக ஒரு தாள் தராவிட்டால், கணவனும் பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரர், அவள் மட்டும் இந்தியர். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அந்த அறிவிப்பு இரண்டு படிகளில் இருக்க வேண்டும், ஒன்று பிரெஞ்சில், மற்றது ஆங்கிலத்தில். எழுதிக் கொடுக்க வேண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் பேசிய தமிழுக்கு அதில் இடமில்லை.

அந்த நாளில் இந்தியாவுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் வெளியே, வேறு நாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் எதையும் எழுத வேண்டியதில்லை, பிரெஞ்சுக்காரராகவே தொடர்வார்கள். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால்தான் எழுத வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனில் காவலர், சுங்க அலுவலர், எழுத்தர், சிறைக் காவலர் வேலைகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1962 ஆகஸ்டில் சைகோனிலோ பாரிஸிலோ இருந்த அண்ணன் சும்மா இருந்தே பிரெஞ்சுக்காரரானார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்த தம்பி சும்மா இருந்தே இந்தியரானார். இருவருக்கும் பிரான்சின் மேல் இருந்த பற்றை எந்தத் தராசிலும் யாரும் நிறுக்கவில்லை. சைகோனிலேயே பிறந்துவிட்ட பிள்ளைகளின் நிலை இன்னும் விசித்திரம். ஒப்பந்தம் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் பிறந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசியதால், வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிகளை அது தொடவே இல்லை என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. தாய் பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாளா, அங்கேயே இருந்துவிட்டாளா என்பதே ஒரு பரம்பரையின் பாஸ்போர்ட்டை முடிவு செய்தது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது மரபு. மரபைக் காத்தவர்களுக்குத்தான் இதில் நட்டம்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம்: ஊரிலேயே பிறந்து ஊரிலேயே இருந்தவர்களில் யார் எழுதிக் கொடுத்தார்கள்? வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு சுமார் 5,000 பேர். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளிலும் சேர்த்து இருந்தவர்கள் ஏறத்தாழ 3,69,000 பேர். பிள்ளைகள் தந்தையோடு சேர்ந்து போனார்கள் என்பதைக் கணக்கில் கொண்டாலும் இது சொற்பம்தான். இந்தச் சொற்பத்தில் 'சொல்தா' என்று ஊர் அழைக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களும் 'ரெனோன்சான்' குடும்பங்களும் முன்னணியில் இருந்ததை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ரெனோன்சான் என்பதன் பின்னணியைச் சொல்லாமல் இது விளங்காது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை, இந்தியர் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. அப்படித் துறந்தவரே ரெனோன்சான். துறந்தவர் திரும்ப முடியாது. மனைவியும் சிறு பிள்ளைகளும் அவரோடு சேர்த்தி. துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி தேர்ந்துகொண்டது 'லாபோர்த்', அதாவது கதவு. அந்தக் கதவு வழியே அதிகம் நுழைந்தவர்கள் கிறித்தவர்களும், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களும். மேல்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் அதை எதிர்த்தார்கள். அவர்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியாரின் நெடுங்கால அரசியல் செல்வாக்கே அந்த எதிர்ப்பின் மேல் எழுந்ததுதான்.

சட்டப்படி 1962-இன் தேர்வு ரெனோன்சான்களுக்கு மட்டும் உரியதல்ல. துறக்காதவரும் பிரெஞ்சுக் குடிதான், அவரும் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தும் ஏன் இவர்கள் முன்னால் நின்றார்கள்? தாளோடு புழங்கிய பழக்கமே காரணம் என்பது என் வாதம். ரெனோன்சான் வீட்டில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் 'எத்தா சிவில்' என்னும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் குடும்பப் பெயரோடு ஏறியிருக்கும். சொல்தாவுக்குப் படைப்பிரிவுப் புத்தகமும் பென்ஷன் கடிதங்களும் உண்டு; அலுவலகத்தில் பிரெஞ்சு பேசத் தெரியும், தேதி தவறினால் என்ன ஆகும் என்று பட்டும் தெரியும். பாகூரிலோ வில்லியனூரிலோ நெல் விளைவித்த குடும்பத்துக்கு அரசாங்கத் தாள் என்றால் நிலவரி ரசீது. அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாதம் என்பது ஒரு போகம்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு இருக்கிறது. எழுதிக் கொடுக்காதவர்கள் அறியாமல் இருக்கவில்லை, இந்தியாவையே வேண்டினார்கள் என்பது அது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா துணி ஆலையில் பன்னிரண்டு தொழிலாளர்கள் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு இரையானார்கள்; கம்யூனிஸ்டான வ. சுப்பையாவின் தலைமையில் வளர்ந்த அந்தத் தொழிலாளர் இயக்கத்தின் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுத் தாள் எதற்கு? நியாயமான கேள்வி. இணைப்பை மக்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நிலம் எந்த நாட்டோடு சேர வேண்டும் என்பதும், நான் எந்த நாட்டுக் குடியாக இருக்க வேண்டும் என்பதும் இரண்டு கேள்விகள். வங்காளத்திலிருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். 7,473 பேர் இந்தியாவுக்கு, 114 பேர் பிரெஞ்சு ஒன்றியத்துக்கு. புதுச்சேரியில் முதல் கேள்விக்குப் பிரதிநிதிகள் பதில் சொன்னார்கள். தனிமனிதனிடம் நேராகக் கேட்கப்பட்டது இரண்டாம் கேள்வி மட்டுமே; அதிலும் பதில் சொல்லாதவர் இந்தியக் குடியுரிமைக்கு 'ஆம்' என்றதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. விரும்பிப் பேசாமல் இருந்தவரையும், விஷயம் எட்டாமல் பேசாமல் இருந்தவரையும் அந்த ஏற்பாட்டில் பிரித்துப் பார்க்க வழியே கிடையாது. ஆகவே மௌனத்தைத் தேசபக்திக்குச் சான்றாகக் காட்டுவது, கையெழுத்தைத் துரோகத்துக்குச் சான்றாகக் காட்டுவதைப் போலவே தவறு.

பென்ஷன் ஆசை என்ற இரண்டாவது விளக்கத்துக்குக் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து பதில் சொல்லலாம். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கூலிகளின் வழிவந்த ஆன்றி சிதம்பரம், அங்கே பிறந்த இந்தியர்களுக்குப் பிரெஞ்சு வாக்குரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடினார். பத்தொன்பது வருடம் ஒரு பட்டியலில் பெயர் ஏற வேண்டும் என்பதற்காக. அவருக்குப் பென்ஷன் எதுவும் காத்திருக்கவில்லை. அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமைத் தாள் கண்ணியத்தின் பெயர். 1881-இல் சாதிப் பெயரைத் துறந்து குடும்பப் பெயர் எடுத்தவரின் பேரன் 1962-இல் அந்தப் பெயரை விட மனமில்லாமல் இருந்தால் அதைப் பேராசை என்று சொல்ல முடியாது. பென்ஷனும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எழுதிக் கொடுத்தவர்கள் இழந்ததும் உண்டு. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே பாட்டன் கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டே அவர்கள் சட்டப்படி வெளிநாட்டவர் ஆனார்கள். சட்டமன்றத் தேர்தலில் வாக்கில்லை. பிரெஞ்சு அதிபர் தேர்தலில் உண்டு. பிற்பாடு வந்த ஓ.சி.ஐ. (இந்திய வெளிநாட்டுக் குடிமக்கள்) அட்டைதான் இந்தச் சிக்கலைப் பெரிதும் தளர்த்தியது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர் என்று அந்த அட்டைக்கான சட்டத்தில் ஒரு தனி வகையே இருக்கிறது. புதுச்சேரிக்காரர் தன்னை அடையாளம் காணக்கூடிய வரி அது.

எழுதாமல் விட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திருமணம் ஒரு வழியானது. 1973 வரை பிரெஞ்சுக்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை தாலியோடு வந்தது. அந்த வருடச் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் விண்ணப்ப முறையைக் கொண்டுவந்தது. இப்போது குறைந்தது நான்கு வருட மணவாழ்க்கையும் மொழித் தேர்ச்சிச் சான்றும் வேண்டும். அதுவரை விசா, வசிப்பு அட்டை, புதுப்பித்தல். நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்கு வரதட்சணை ஏறியது ஊரறிந்த கதை. பெயர்ச் சிக்கல் தனி. பிரெஞ்சுப் பதிவேட்டில் ஓர் 'உ'கரத்துக்கு இரண்டு எழுத்து. நமக்குத் தனியாகக் குடும்பப் பெயர் இல்லாததால் அப்பா பெயர் ஒரு தலைமுறையில் குடும்பப் பெயராகி அடுத்த தலைமுறைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரே சுப்பிரமணியன் இந்தியத் தாளில் ஒருவராகவும் பிரெஞ்சுத் தாளில் இன்னொருவராகவும் தெரிவார். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க மூன்றாவது தாள் வேண்டும்.

இந்தத் தாள் தேடலுக்கும் கெடு வைக்கப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் குடும்பம் வெளிநாட்டிலேயே இருந்து, விண்ணப்பிப்பவரோ குடியுரிமையைக் கடத்தக்கூடிய தாய் தந்தையரோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்படாமல் இருந்தால், வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமையை நிரூபிக்க அனுமதி இல்லை என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3-ஆம் பிரிவு. 1962 ஆகஸ்ட் 16-இலிருந்து எண்ணினால் ஐம்பது வருடம் 2012-இல் முடிந்துவிட்டது. எந்த நாடும் கதவை என்றென்றைக்கும் திறந்து வைத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு என்ன அத்தாட்சி கேட்கிறார்கள் என்று பாருங்கள்: தூதரகப் பதிவு, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல். தாத்தா சைகோனில் பிறந்ததால் சட்டப்படி பிரெஞ்சுக்காரராகவே இருந்து, அதை அறியாமல் இந்திய ரேஷன் கார்டோடு வாழ்ந்து முடித்த குடும்பத்திடம் இவற்றில் ஒன்றும் இருக்காது. தாத்தாவின் பிறப்புப் பதிவு நாந்த் நகரத்து எத்தா சிவில் அலுவலகத்திலேயே கிடைத்தாலும், பேரன் அதை நீதிமன்றத்தில் காட்டுவதற்கான நாள் கடந்துவிட்டது.