புதுச்சேரி முற்றுகையும் நம் மக்களும்

ஆஸ்திரிய மன்னர் ஆறாம் சார்லசு 1740ஆம் ஆண்டு ஆண் வாரிசின்றி மறைந்தார். அவர்தம் மகள் மரியா தெரசாவின் வாரிசுரிமை குறித்து ஐரோப்பிய அரசுகள் எட்டாண்டுகள் போரிட்டன. அவ்வாரிசுப் போரின் குண்டுகள் தமிழகக் கடற்கரையிலும் விழுந்தன என்பதைச் சேலம்–நாமக்கல் சாலையோரம் புதுச்சத்திரத்தில் வாழும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றினர். அதற்கு ஈடாகப் புதுச்சேரியைப் பிடிக்க எண்ணிய ஆங்கிலேயர், கடற்படைத் தலைவர் பாஸ்கவன் தலைமையில் 1748 ஆகஸ்டில் திரண்டுவந்தனர். அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையிலேயே பல நாள்கள் வீணாயின. பின்னர் நகரின் வடமேற்கே, மதிலுக்கு 1,500 கெஜத்துக்கு அப்பால் முற்றுகைக் குழிகளை வெட்டத் தொடங்கினர். வழக்கமான தொலைவினும் அஃது ஏறத்தாழ இரு மடங்கு. இடையிலோ சதுப்பு நிலம். ஆளுநர் துய்ப்ளேயின் படையினர் அதில் நீரையும் பெருக்கிவிட்டனர். அங்குக் குழி வெட்டச் சொன்னவர் அறிவை என்னென்பது! மழை பிடித்தது, நோய் பரவியது. அக்டோபரில் ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டனர். இதில் பெருங்கொடுமை யாதெனில், ஐரோப்பாவில் அமைதிக்கான முதல் உடன்படிக்கை 1748 ஏப்ரலிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி இங்கு எட்டுமுன்னரே இத்தனை உயிர்களும் போயின.

மாண்ட ஐரோப்பியரின் கணக்கை ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட்டு ஆர்ம் தருகிறார்: படைவீரர் 757, பீரங்கிப் படையினர் 43, மாலுமிகள் 265, ஆக 1,065. ஒற்றை இலக்கம் வரை எண்ணியிருக்கிறார்கள். இருபுறமும் மண் வெட்டவும் சுமை தூக்கவும் உள்நாட்டுக் கூலியாட்களே வேண்டியிருந்தனர். அவர்களுக்கு அக்கணக்கில் இடமில்லை. அவர்களுள் நம் முன்னோர் எத்தனை பேர் என்று யாம் யாரைக் கேட்போம்?

எனினும் அந்நகரத்து நம் மக்கள் வாயற்றோராய் இருந்தாரல்லர். முற்றுகைக் காலத்தில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பே அதற்குச் சான்று. நம்மைப் புகழ வேண்டுமென்று எழுதியவர் அல்லர் பிள்ளை. ஆயினும் நடந்ததை எழுதிவைத்தார். புதுச்சேரி மாதா கோவிலுள் சேரி மக்களையும் சாதிக் கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. முற்றுகைக்கு மூன்றாண்டு முன்னர், 1745 அக்டோபரில், பெரிய பறைச்சேரி முதலிய சேரிகளின் மக்கள் ஒன்றுகூடிப் பாதிரியாரிடம் சென்றனர். தாங்கள் மெய்யாகவே அவருடைய சீடர்கள் என்றால், எல்லோரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டுமென்று நேருக்கு நேர் கேட்டனர். பாதிரியாரால் மறுக்க இயலவில்லை. சுவரை இடிக்கச் செய்தார்.