மருந்து வகைப்பாடும் பாவனை அளவீடும்: திருகோணமலை மாவட்டம்

மருந்துகளை முறைப்படி வகுத்து, ஒரு மக்கள்தொகை அவற்றை எவ்வளவு உட்கொள்கிறது என்று கணக்கிடுவது மருந்துப் பாவனை ஆய்வு. தேவையான மருந்தைத் தெரிந்தெடுப்பதில் இலங்கை உலகுக்கு முன்னோடி, அளப்பதில் அப்படியில்லை.

தெரிந்தெடுப்பின் கதை பேராசிரியர் சேனக பிபிலேயுடன் (1920–1977) தொடங்குகிறது. 1950-களின் பிற்பகுதியில் அரச ஆசுபத்திரிகளுக்கான மருந்துக் கையேடு வெளிவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1971இல் வைத்தியர் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் அவரும் அளித்த அறிக்கையை ஒட்டி அரச மருந்துப் பொருட்கள் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன் கடைகளே இன்றைய ஒசுசல. தனியார் துறைக்கு இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைந்தன. பல்தேசியக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு இலங்கையில் ஆட்சி மாறித் தனியார் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார்.

அளவுகோல் நோர்வேயிலிருந்து வந்தது. 1969இல் ஒஸ்லோவில் நடந்த மருந்து நுகர்வுக் கருத்தரங்கின் பின் உருவான ஏடிசி (உடற்கூறு–சிகிச்சை–வேதியியல்) முறை, மருந்துகளை 14 பெரும் பிரிவுகளாகவும் ஐந்து படிநிலைகளாகவும் வகுக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் வளர்ந்த ஒருவருக்கான ஒரு நாள் சராசரி அளவு குறிக்கப்படும். 1982இல் ஒஸ்லோவில் இதற்கென மையம் அமைந்தது. 1996இல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகப் பொது முறையாக ஏற்றது.

நீரிழிவுக் குளிசையான மெட்போர்மினை எடுப்போம். குறியீடு ஏ10பிஏ02, நாள் அளவு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு. 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் சுமார் 3.8 இலட்சம் பேர். ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்குப் பத்து அளவு என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், தினமும் 15,200 குளிசை. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 இலட்சம்.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து மாவட்டக் களஞ்சியத்துக்கும், அங்கிருந்து மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆசுபத்திரிகளுக்கும் மருந்து போகிறது. ஏட்டில் பதிவாவது அனுப்பிய அளவு. விழுங்கிய அளவு அல்ல. கிளினிக் கொப்பியுடன் வந்து ஒரு மாதக் குளிசையை வாங்கிப்போனவர் பாதியை அலுமாரியில் விட்டிருக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டது. அவ்வாண்டு விநியோகம் குறைந்திருந்தால் நோய் குறைந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். சிறுநீரக நோய் பரவலாக உள்ள பதவி சிறிபுரவில் இன்னொரு சிக்கல்: சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு மெட்போர்மின் கொடுப்பதில்லை. ஆகவே அங்கே பாவனை குறைவாகத் தெரிந்தாலும் நீரிழிவு குறைவு என்று பொருளாகாது.

உயிர்காப்பு, அத்தியாவசியம், அத்தியாவசியமற்றது என்று அரசு மருந்துகளை மூன்றாகப் பிரித்திருப்பது தட்டுப்பாட்டில் எதை முதலில் வாங்குவது என்று முடிவெடுக்க உதவும். பாவனையை அது அளக்காது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையை நிறுவியது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. எனினும் தனியார் பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கும் பனடோலும் அன்டிபயோட்டிக்கும் அரச களஞ்சிய ஏட்டில் ஏறுவதில்லை. அவற்றையும் சேர்த்துக் கூட்டாதவரை மாவட்டத்தின் மருந்துப் பாவனை என்று சொல்லப்படும் எந்த எண்ணும் அரச ஆசுபத்திரிகளின் எண் மட்டுமே.