தூண்டில் வடிவ வெள்ளி: இலாரின் நாணயம் பற்றிய ஒரு நோக்கு

நாணயத்தின் பெறுமதியை நிர்ணயிப்பது அதன்மீது பொறிக்கப்பட்ட மன்னனின் இலச்சினையா, அன்றி அது ஆக்கப்பட்ட உலோகமா என்னும் வினா பொருளியல் வரலாற்றிற் பழமையானது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இலங்கையிற் புழங்கிய இலாரின் என்னும் வெள்ளி நாணயம் இவ்வினாவைத் தெளிவுற ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும்.

தென்பாரசீகத்து இலார் நகரின் பெயரால் வழங்கிய இந்நாணயம், ஓர்முஸ் துறைமுகத்தை மையமாகக் கொண்ட வணிகத்தின் வழியே மேற்கிந்தியக் கரையிலும் மாலைதீவிலும் இலங்கையிலும் பரவிற்று. பீஜப்பூர்ச் சுல்தான்களும் இதனை வெளியிட்டனர். ஏறத்தாழ 4.7 கிராம் நிறையுள்ள வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, முத்திரை குத்தி இது ஆக்கப்பட்டது. இலங்கையில் அக்கம்பி மேலும் வளைக்கப்பட்டுத் தூண்டில் முள்ளின் வடிவைப் பெற்றது. உள்ளூரில் ஆக்கப்பட்டவற்றில் அரபெழுத்தை ஒத்த, ஆயின் வாசிக்கவியலாத கீறல்கள் காணப்படுகின்றன. பொறிப்பை வாசித்து எவரும் இந்நாணயத்தை ஏற்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

அவ்வாறாயின் எதனை நம்பி ஏற்றனர்? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் இதற்கு விடை தருகின்றார். மன்னனின் அனுமதியின்படி இந்நாணயத்தை எவரும் ஆக்கலாம். விரும்பிய அடையாளத்தை இடலாம். ஐயம் எழுமிடத்து அதனை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி நீரிலிடுவர். தூய வெண்மை பெறாவிடின் அது செல்லாது. இதன் வெள்ளி ஸ்பானியரின் எட்டு றெயால் நாணயத்தினதைக் காட்டிலும் தூயது என்பதும் அவர் கூற்று. மாறாக, பணம் எனப்பட்ட மிகச்சிறு நாணயத்தை மன்னனன்றிப் பிறர் ஆக்கின் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறு காசுக்கு அரசாணை காவலாயிற்று. பெருங்காசுக்கோ நெருப்பே சாட்சியாயிற்று.

இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கற்பாலது. துட்டகைமுனு காலத்தில் வெள்ளிக் குகையொன்று கண்டறியப்பட்டதாக மகாவம்சம் கூறினும், பெருமளவு வெள்ளி தரும் சுரங்கம் எதுவும் இந்நாட்டில் இருந்ததில்லை. கறுவா, பாக்கு, யானை முதலியவற்றுக்கு ஈடாகவே அது கடல்கடந்து வந்தது. அக்கால உலக வெள்ளியின் பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. 1545 இற் கண்டறியப்பட்ட பொட்டோசி மலையில், 1570களில் விரிவாக்கப்பட்ட 'மித்தா' என்னும் கட்டாய ஊழிய முறையின்கீழ் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,500 சுதேசிகள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் அகழ்ந்த வெள்ளி லெவாந்து, பாரசீகம், இந்தியா எனப் பல சந்தைகளையும் கடந்து கீழ்நோக்கிப் பாய்ந்தது. இலங்கை உழவன் கையிலிருந்த தூண்டிற் காசிலும் அதன் ஒரு கூறு கலந்திருத்தல் கூடும்.

சிங்களத்தில் வெள்ளியைக் குறிக்கும் 'ரிதி' என்னும் சொல்லே இந்நாணயத்துக்கும் பெயராயிற்று. உலோகமும் காசும் மக்கள் மனத்தில் ஒன்றாகவே நின்றமைக்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை. நெருப்பு அவ்வெள்ளியின் தூய்மையைக் காட்டிற்று. அதனை அகழ்ந்தவரின் துன்பத்தை அதனாற் காட்ட இயலவில்லை. அதனை எடுத்துரைத்தல் வரலாற்று மாணவரின் கடனாகும்.